வெர்னன் டூட்டனின் நாற்பத்தாறு பாம்புகள்

அந்த ஆண் பாம்பை வெர்னன் டூட்டனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாஸ்பர் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனாலும் யாரும் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெர்னனும் சொல்லவில்லை.

அவனும் நானும் மின்சாரக் கூட்டுறவில் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே லாரியில் வேலை பார்த்தோம். கம்பத்தின் மேலே அவன், கீழே நான். பைன் காட்டை வகிடெடுத்துக்கொண்டு போகும் மின்பாதையில் எங்கே கம்பம் சாய்ந்திருக்கிறது, எங்கே கொடி ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது வேலை. வெர்னன் ஒடிசலாக, உயரமாக இருப்பான். பேச்சு மட்டும் சுருக்கம். மத்தியானம் லாரி நிழலில் உட்கார்ந்தால், நான் அவித்த கடலையை ஒரு பை தின்று முடிப்பதற்குள் அவன் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அதிகம்.

முப்பது வயதில் அவனுக்குப் பாம்புப் பித்துப் பிடித்தது. ஒரு நாள் கம்பத்தின் மேலிருந்து ஸ்பானர் கைதவறி விழுந்து, கீழே இடிந்து கிடந்த கோழிக்கொட்டகையின் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகிக்கொண்டது. இறங்கி வந்து தகரத்தைத் தூக்கினான். அடியில் கன்னங்கரேலென்று ஒரு பாம்பு. உடம்பு நெடுக வெள்ளைச் சங்கிலி போட்டதுபோல் வரி. அது ஒரு செம்புத்தலை விரியனைத் தலைப்பக்கமிருந்து விழுங்கிக்கொண்டிருந்தது. விரியன் பாதி உள்ளே, பாதி வெளியே. வெர்னன் அங்கேயே குந்திவிட்டான். வால் நுனி உள்ளே போகிறவரை முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"ஏய், கரண்டு இல்லாம ஒரு தெருவே உக்காந்திருக்குடா" என்று நான் கத்தினேன்.

"இருக்கட்டும். இதப் பாரு" என்றான்.

அதுதான் கிங் பாம்பு. பேரில் ராஜா இருந்தாலும் விஷம் கிடையாது. விரியனின் விஷமும் அதை ஒன்றும் செய்வதில்லை. அதனாலேயே எங்கள் பக்கத்து விவசாயிகள் மற்ற பாம்பைக் கண்டால் மண்வெட்டியைத் தேடுவார்கள், இதைக் கண்டால் விட்டுவிடுவார்கள்.

அன்று அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். மறு மாதம் இன்னொன்று. பிறகு ஞாயிறு தோறும், தேவாலயம் முடிந்ததும், கழுத்து டையைக்கூடக் கழற்றாமல் என் வண்டியில் ஏறிக்கொள்வான். பாழடைந்த வீடு, பழைய மர அறுவை மில், ரயில் பாதையோரம் என்று எங்கெல்லாம் துருப்பிடித்த தகரம் கிடக்கிறதோ அங்கெல்லாம் போவோம். தூக்கிப் பார்ப்போம், இருந்தால் எடுப்போம், தகரத்தை இருந்தது இருந்தபடி வைத்துவிட்டு வருவோம். தகரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு வருகிறவனை வெர்னன் மனிதனாகவே மதிக்க மாட்டான். ஆற்றுக்கு அக்கரை ஜார்ஜியா மாநிலம். அங்கே நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது குற்றம். அதனால் பாலத்தைத் தாண்டி அவன் ஒரு தகரத்தையும் தொட்டதில்லை.

வீட்டை ஒட்டி வண்டி நிறுத்தும் கொட்டகையைச் சுவர் எழுப்பி அறையாக்கினான். இடப்பக்கச் சுவரில் பெண் பாம்புகள், வலப்பக்கச் சுவரில் ஆண் பாம்புகள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாவில். ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒவ்வொரு டப்பாவிலும் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "1991 மே, மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் பின்புறம்." "1996, அறுவை மில், மூன்றாவது தகரம்." அவற்றின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதே இடத்தின் பெயர். வேறு மாநிலத்துப் பாம்போ, வெள்ளை நிறம், வாழைப்பழ நிறம் என்று சந்தைக்காக உண்டாக்கிய பாம்போ அந்த அறைக்குள் வந்ததில்லை. எங்கள் கவுண்டியின் சங்கிலிக் கிங், அது ஒன்றுதான்.

ஜூனி, அவன் மனைவி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். உறையவைத்த எலிகளுக்குத் தனி ஃப்ரீசர் வாங்கினால்தான் இந்த வீட்டில் இருப்பேன் என்று முதல் வருடமே சொல்லி வாங்க வைத்தாள். ஏப்ரல் மாதம் ஜோடி சேர்க்கும்போது, ஒன்று மற்றதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வெர்னன் டப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஜூனி வாசலில் நின்று சிரிப்பாள்.

"மாப்பிள்ள பொண்ணத் தின்னுடுமோன்னு காவல் காக்கற கல்யாணம் எங்க வீட்ல மட்டும்தான் நடக்குது, ராய்ஸ்."

"பொண்ணும் மாப்பிள்ளயத் தின்னும்" என்பான் வெர்னன், தலை திருப்பாமல்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்."

காட்டில் அவன் கடைசியாக ஒரு சங்கிலிக் கிங்கை எடுத்தது 2009இல். அதற்கு முன்பே நெருப்பெறும்பு வந்து பாம்பு முட்டைகளைத் தின்றது. துறைமுகத்துக்காகச் சரக்குக் கிடங்குகள் வந்தன. மில் இருந்த இடத்தில் குடியிருப்பு வந்தது. அதற்குப் பிறகும் பத்து வருடம் ஞாயிறு ஞாயிறாகத் தகரம் தூக்கினோம். தேள், மரவட்டை, ஒரு தடவை யாரோ தொலைத்த பல்செட். கிங் இல்லை. அறுவை மில்லின் பாம்பு இனி வெர்னனின் டப்பாவில்தான் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு பாம்பு இட்ட ஒன்பது முட்டையில் நான்கில் குஞ்சுகள் முதுகு கோணிச் செத்திருந்தன. சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து ரத்தம் நெருங்கிவிட்டது என்றான். "வெளி ரத்தம் ஒண்ணு வேணும். ஆனா நம்ம மண்ணோடதா இருக்கணும். எங்க போறது?"

அந்தப் பேச்சு என் மனத்தில் தங்கிவிட்டது. அக்டோபரில் மாநிலத் தலைநகரில் நடந்த ஊர்வனச் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு கிழவர், எண்பதுகளில் எங்கள் கவுண்டியின் தென்கோடியில் பிடித்த பாம்புகளின் வம்சம் என்று சொல்லி, ஓர் ஆண் பாம்பை வைத்திருந்தார். பிடித்த இடம், தேதி எல்லாம் எழுதி வைத்திருந்தார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். வெர்னனின் ஓய்வு விருந்தன்று, கேக் வெட்டிய பிறகு, தலையணை உறையில் முடிந்து அதை அவன் மடியில் வைத்தேன். அவிழ்த்துப் பார்த்தான். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். அகலச் சங்கிலி, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு.

"ராய்ஸ்" என்றான். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் அவசரப்படவில்லை. எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும் புதுப் பாம்பு தொண்ணூறு நாள் தனியறையில் இருக்க வேண்டும் என்பது அவன் வைத்திருந்த சட்டம். துணி துவைக்கும் அறையில் வைத்தான். அதற்கென்று தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி இடுக்கி. போட்ட எலியையெல்லாம் தின்றது. ஒருமுறைகூடக் கக்கவில்லை. புழு இருக்கிறதா என்று எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினான். இல்லை என்று வந்தது. தொண்ணூறு நாள் முடிந்தும் இன்னும் பத்து நாள் வைத்தான். பிறகுதான் அறைக்குள் கொண்டுபோனான். ஏப்ரலில் ஆறு பெண் பாம்புகளோடு சேர்த்தான். ஆகஸ்டில் நாற்பத்தொன்பது குஞ்சுகள் வந்தன. ஒன்றுக்கும் கோணல் இல்லை. அந்த மாதம் முழுக்க வெர்னன் வழியில் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் குஞ்சுகளைக் காட்டினான். தபால்காரரைக்கூட விடவில்லை. சிலவற்றை வேறு ஊர்களில் இருந்த நாலு பழைய சிநேகிதர்களுக்குக் கொடுத்தான். ஓரிடத்தில் நெருப்புப் பிடித்தாலும் வம்சம் இன்னோரிடத்தில் இருக்கட்டும் என்று.

செப்டம்பரில் மெத்தடிஸ்ட் தேவாலயத்துப் பெண் பாம்பு தின்ற எலியைக் கக்கியது. முட்டை இட்ட களைப்பு என்று நினைத்தான். சின்ன எலியாகக் கொடுத்தான். அதையும் கக்கியது. அடுத்த வாரம் இன்னொன்று. அறையின் சூடு போதவில்லையோ என்று ஹீட்டரை மாற்றினான். அதற்கடுத்த வாரம் முதல் பாம்பைக் கையில் எடுத்தபோது நடு உடம்பில் ஒரு வீக்கம். ஒன்றும் தின்னாத பாம்புக்கு, தின்றது போல் வயிறு. முதுகெலும்பு கூரைபோல் துருத்திக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பின்க்னி இருந்தாள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பாம்பின் நடு உடம்பைத் தடவிப் பார்த்தவள் கையை எடுக்காமலே நின்றாள்.

"மிஸ்டர் வெர்னன், இன்னும் எத்தனை இருக்கு வீட்ல?"

"இதோட சேத்து நாப்பத்தாறு, மேடம். புதுசு ஒண்ணு. அப்புறம் குஞ்சுங்க."

"பன்னெண்டு பாம்போட எச்சம் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. இப்பவே எதுவும் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்."

பன்னிரண்டில் ஒன்பதுக்கு இருந்தது. கிரிப்டோ என்பார்கள். இரைப்பையில் குடியேறும் கிருமி. எச்சத்தின் வழியாகப் பரவும். மருந்து கொடுத்தால் கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்கும், போகாது. பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்தாலும் சாகாது. ஒரு பாம்பு வருடக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டு, தானும் தின்று கொழுத்து, பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் கொடுத்த ஆண் பாம்புக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது. அது கடைசிவரை ஒரு வேளை உணவைத் தவறவிடவில்லை.

"தொண்ணூறு நாள் தனியா வச்சேனே, மேடம்" என்றான் வெர்னன்.

"தெரியும். நீங்க பண்ணினத நூத்துல ஒருத்தர் பண்ண மாட்டாங்க."

"அப்பவே இந்தப் பரிசோதனையக் கேட்டிருந்தா?"

"கண்டுபிடிச்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அது எல்லா நாளும் எச்சத்துல வராது. இல்லைன்னு பேப்பர் வந்து, நீங்க இன்னும் சீக்கிரமாவே உள்ள விட்டிருப்பீங்களோ என்னவோ."

ஏதாவது ஒன்றைச் செய்யாமல் விட்டோம் என்று தெரிந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த நாலு மாதம் அவன் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மோனியாவில் டப்பாக்களைக் கழுவினான். நீராவி இயந்திரம் வைத்துச் சுவரை அவித்தான். ஒவ்வொரு பாம்புக்கும் தனி இடுக்கி. ஒன்றைத் தொட்டால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைத் தொடுவான். வாய்வழியே மருந்து புகட்டினான். அவை மெலிந்துகொண்டே போயின. கிருமி இல்லை என்று வந்த பாம்புக்கு அடுத்த மாதம் இருக்கிறது என்று வந்தது. பெண் பாம்புகள் இருபதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. குஞ்சுகள் அக்டோபரிலிருந்தே காலையில் டப்பாவைத் திறந்தால் நூல்போலச் சுருண்டு கிடந்தன.

குஞ்சுகளை வாங்கிப்போன நாலு பேருக்கும் அவனே போன் செய்தான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் நாலு பேரிடமும் ஒரே வார்த்தைகளைச் சொன்னான். ஒரு பெண் அழுதாள். இருவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். நாலாவது ஆள் போட்ட கூச்சல் அடுப்படியில் நின்ற ஜூனிக்குக் கேட்டது.

"நீங்க சொல்றது சரிதான், சார்" என்று வெர்னன் மூன்று தடவை சொன்னான். போன் வைத்த பிறகும் நாலாவது தடவை சொன்னான்.

நான் அந்த நாட்களில் அவன் வீட்டுக்குப் போவேன், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"திட்டேன்டா. ரெண்டு அடி வேணாலும் அடி. நான்தானே கொண்டுவந்தேன்."

அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மோனியா பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. நானும் பண்ணல. அந்தக் கிழவரும் பண்ணல" என்றான். "யார் மேலயாவது கோபப்பட்டாத் தேவலன்னு இருக்கு, ராய்ஸ். ஆள்தான் கிடைக்க மாட்டேங்குது."

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜூனி கூப்பிட்டாள். "வண்டி எடுத்துட்டு வா. அவனால ஓட்ட முடியாது."

பதினாறு டப்பாக்கள். அதுதான் முதல் தடவை. வெர்னன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். எது என்று நான் கேட்கவில்லை. சீட்டு தெரிந்தது: அறுவை மில், மூன்றாவது தகரம். வழி முழுவதும் மழை தூறியது. டாக்டரின் கூடத்தில், மடியில் நாயை வைத்திருந்த ஓர் அம்மாள் எங்கள் டப்பாக்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"உள்ள என்ன, முயலா?"

"இல்லைங்க மேடம். பாம்பு."

அவள் நாயைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். பிறகு மனம் இளகி, "பாவம், உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"பாதிக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம். பேப்பர்லதான் சரியில்ல" என்றான் வெர்னன்.

டாக்டர் பின்க்னி வலியில்லாமல் சாகும் ஊசியை ஒவ்வொன்றுக்காகப் போட்டாள். வெர்னன் ஒவ்வொன்றையும் தன் கையால் எடுத்துக் கொடுத்தான், ஒவ்வொன்றின் இடத்தையும் வருடத்தையும் வாய்விட்டுச் சொன்னான். அவள் அதை எழுதிக்கொண்டாள். எழுத வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பதினோராவதில் டப்பாவை என் பக்கம் திருப்பினான். டப்பாச் சீட்டைப் பார்த்து மீதியை நான் படித்தேன்.

மார்ச்சுக்குள் இன்னும் இரண்டு தடவை போனோம். நான் வாங்கிக் கொடுத்த பாம்பைக் கடைசி நடையில் நானே தூக்கிப்போனேன். கனத்தது. நாக்கை நீட்டி என் மணிக்கட்டை மோந்து பார்த்தது. அதன் மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

மிஞ்சியது ஏழு. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை பரிசோதித்தாகிவிட்டது. ஏழும் ஆண். வலப்பக்கச் சுவரின் மேல்தட்டில் இருந்தவை. இரண்டு வருடமாக அவை நன்றாகத் தின்கின்றன, சட்டை உரிக்கின்றன, ஏப்ரல் வந்தால் பெண்ணைத் தேடி டப்பாவுக்குள் இராப்பகலாக அலைகின்றன. வெர்னன் அந்த மாதம் அறைக்குள் அதிகம் போவதில்லை. போனில் அழுத அந்தப் பெண், அவனிடமிருந்து பல வருடங்களுக்கு முன் வாங்கிய வம்சத்தில் ஒரு பெண் பாம்பு தன்னிடம் இருப்பதாகவும், மூன்று முறை பரிசோதித்துவிட்டதாகவும், சும்மா தருவதாகவும் எழுதினாள். கடிதம் ஒரு மாதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

"வாங்கிக்கயேன்" என்றேன்.

"அது வந்து என்கிட்ட செத்துட்டா? இல்ல, அதுகிட்டேர்ந்து இந்த ஏழும் செத்துட்டா? மூணு தடவை, முப்பது தடவைன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. நம்பற இடம் போயிடுச்சு." வேண்டாம் என்று பதில் ஜூனிதான் எழுதினாள்.

இந்த மே மாதம் எர்லீன் மாலரி கூப்பிட்டாள். இரண்டு மைல் தள்ளிக் கோழி வளர்ப்பவள். "வெர்னன், என் கோழிக்கூட்டுல கறுப்பா சங்கிலி போட்ட ஒண்ணு முட்டையத் தின்னுட்டுப் படுத்திருக்கு. என் தம்பி மண்வெட்டியோட நிக்கறான். அரை மணி நேரம்தான் அவனப் பிடிச்சு வைக்க முடியும்."

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வெர்னன் எழுந்தான், கதவுவரை போனான், நின்றான். தன் கையைப் பார்த்தான்.

"என்னால தொட முடியாது. இந்த வீட்லேர்ந்து ஒரு சாமானும் அது மேல படக்கூடாது." என்னைப் பார்த்தான். "நீயும் அந்த டப்பாவெல்லாம் தூக்கினவன்."

ஜூனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பாம்பையும் தொட்டதில்லை அவள். அந்த அறைக்குள் காலும் வைத்ததில்லை.

"நான் பிடிச்சா ஆகுமா?" என்றாள்.

கடையில் வண்டியை நிறுத்திப் புதுக் கையுறை, புதுச் சட்டை, புதுத் தலையணை உறை, புது ரப்பர் காலணி வாங்கினோம். எர்லீனின் தம்பியைத் தள்ளி நிற்கச் சொன்னாள் ஜூனி. வெர்னன் வேலிக்கு வெளியே, இருபதடி தள்ளி, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். உள்ளே போக அவன் கால்கள் துடித்தது எனக்குத் தெரிந்தது.

"நடு உடம்புல பிடி. இறுக்காத. கை மேல ஓட விடு."

"ஓடுதே, வெர்னன்! சட்டைக்குள்ள போகுது!"

"போகட்டும். ஒண்ணும் பண்ணாது. வால் குட்டையா, நெட்டையா?"

"குட்டை."

"சட்டுனு மெலியுதா?"

"ஆமா. பின்பக்கம் சட்டுனு மெலியுது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெண் பாம்பு.

"அடிவயித்துல மெதுவா விரல ஓட்டிப் பாரு. உருண்டை உருண்டையா, கோலிக்குண்டு மாதிரி ஏதாவது தட்டுதா?"

ஜூனி கையுறை போட்ட விரலால் தடவினாள். மறுபடி தடவினாள். அவள் முகம் வியர்த்து வழிந்தது.

"தெரியல. இருக்கற மாதிரியும் இருக்கு. எனக்கு எப்படித் தெரியும், வெர்னன்? தின்ன முட்டையாக்கூட இருக்கலாம்."

வெர்னன் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்லுவான். ஒன்று பிசகாது. பைக்குள் அவன் கட்டைவிரல் அசைவதைப் பார்த்தேன்.

எர்லீனின் நிலத்துக்குப் பின்னால், ஓடை தாண்டிப் பைன் காட்டுக்குள் ஜூனி முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் தூரமாக. விழுந்து கிடந்த ஒரு மரத்தினருகே உறையை அவிழ்த்துத் தரையில் வைத்தாள். பாம்பு மெதுவாக வெளியே வந்தது. நாக்கை நீட்டி நீட்டி நின்றது. வெயில் பட்டுச் சங்கிலி பளிச்சென்று தெரிந்தது. பிறகு மரத்தின் அடியில் நுழைந்தது. அங்கிருந்து பத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நெருப்பெறும்புப் புற்று இருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். ஒரு புற்றை அழித்தால் இன்னொரு புற்று வரும். காடு முழுக்க அதுதான்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று எர்லீனிடமும் அவள் தம்பியிடமும் கேட்டுக்கொண்டோம். அவன் சொல்லாமல் இருப்பானா, தெரியாது. வண்டியில் ஏறும்போது ஜூனி கையுறையைக் கழற்றினாள்.

"சில்லுனு இருக்கும்னு நெனச்சேன். இல்ல" என்றாள்.

"இல்ல" என்றான் வெர்னன்.

வீடு வந்து சேர்ந்தோம். அன்று வியாழக்கிழமை. ஏழுக்கும் சாப்பாடு போடும் நாள். அவன் உறைந்த எலிகளை எடுத்து இளகத் தண்ணீரில் போட்டான், ஏழு இடுக்கிகளையும் வரிசையாக எடுத்து வைத்தான், கையைக் கழுவ ஆரம்பித்தான்.